பெயிண்டருக்கு ஒரு பாலிசி

கண்ணாடிக்காரருக்கு முதலில் கோபம் வந்தது பிளைவுட் தடுப்பின் மேல்தான். வீட்டின் முன் அறையைக் கடையாக்கியபோது அவரே ஆணியடித்து நிறுத்திய தடுப்பு அது. இந்தப் பக்கம் மரமேஜை, சுவரோடு சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகள், அலுமினியச் சட்டங்கள், கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டுகிற சிலிக்கான் டியூபுகள். அந்தப் பக்கம் ஒரு சின்ன மேஜை, ஒரு மின்விசிறி, காதில் ஹெட்போனோடு அவர் மனைவி. அன்றைக்குக் கொஞ்சம் தடிமனான பலகையாகப் பார்த்துப் போட்டிருந்தால் இந்த வயிற்றெரிச்சலே வந்திருக்காது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

மனைவி ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட். முன்பு ஒரு கிளினிக்கின் வரவேற்பில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கை இழுத்து மூடியதும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே பாலிசி போட ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் சொந்தத் தொழில்காரர்கள். தையல் கடை வைத்திருப்பவர்கள், வாடகை வண்டி ஓட்டுபவர்கள், டியூஷன் எடுப்பவர்கள். ஆபீஸ் வேலைக்காரர்களுக்குக் கிடைப்பதுபோல இவர்களுக்கு யாரும் மொத்தமாக இன்சூரன்ஸ் எடுத்துத் தருவதில்லை. ஒவ்வொருத்தரும் தனக்குத் தானே தேடிக்கொள்ள வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அந்தத் தேடலைத்தான் அவள் செய்து கொடுத்தாள். நன்றாகச் செய்தாள் என்று ஊரே சொன்னது.

பேசுகிறவர்களில் ஆண்கள் அதிகம் என்பதில் கண்ணாடிக்காரருக்கு ஒன்றுமில்லை. அவ்வளவு அற்ப மனுஷன் இல்லை அவர். அவள் கேட்கிற கேள்விகள்தான் அவரைப் படுத்தின.

"நைட்ல தூக்கம் வருதா சார்? நடுவுல எழுந்திருக்கறீங்களா? கால்ல வீக்கம் ஏதாவது? பரவாயில்ல சார், சும்மா சொல்லுங்க, என்கிட்ட சொல்ல என்ன கூச்சம்?"

அந்தக் கடைசி வார்த்தைகள் பலகையைத் துளைத்துக்கொண்டு வரும்போது அவர் கையிலிருக்கும் கட்டர் கோட்டை விட்டு விலகும். கண்ணாடி வெட்டுவது முழுக்கக் காது வேலை. கட்டரின் சக்கரம் சீராக ஓடினால் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் தகடு கோட்டில் உடையும். மனைவி யாரோ ஒருத்தனின் கால் வீக்கத்தை விசாரித்துக்கொண்டிருந்தால் எந்தக் காதால் அதைக் கேட்பது? ஒரே மாதத்தில் நல்ல தகடுகள் சில துண்டாகிக் குப்பைக்குப் போயின.

எல்லாரையும்விட அவரை அதிகம் எரிய வைத்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மனைவியை இழந்தவர், சர்க்கரை உள்ளவர், சத்தமாகச் சிரிப்பவர். சர்க்கரை இருப்பதால் மூன்று கம்பெனி அவருக்குக் கை விரித்துவிட்டது. நாலாவதாக ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டுப்படியாகிற விலைக்குப் போட்டுக் கொடுத்தாள் இவள். அந்தச் சந்தோஷத்தில் மாஸ்டர் ஒரு சாயங்காலம் நேரே கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, உங்க வீட்டம்மா இருக்காங்களே, அவங்க மனுஷியே இல்ல, தெய்வம்!"

"அப்படிங்களா" என்றார் கண்ணாடிக்காரர், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் உடம்புல எங்க எது இருக்குன்னு எனக்கே தெரியாதுண்ணே. அவங்களுக்குத் தெரியும். நீங்க குடுத்து வச்சவரு. உங்களை எப்படிப் பாத்துப்பாங்க!"

"பாத்துப்பா, பாத்துப்பா."

மாஸ்டர் போன பிறகு கண்ணாடிக்காரர் தடுப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவள் தன்னிடம் கடைசியாக எப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்டாள்? யோசித்துப் பார்த்ததில் ஞாபகம் வந்தது, ஆனால் அந்த ஞாபகம் அவருக்கு ஆதரவாக இல்லை.

லைசென்ஸ் வாங்கிய கையோடு அவள் முதலில் வந்து உட்கார்ந்தது அவர் எதிரில்தான். தனக்கு ஒரு பாலிசி போட்டுக்கொண்டு, அடுத்து அவருக்கு என்று ஆரம்பித்தாள். அவர் அன்றைக்கு ஏதோ எரிச்சலில் இருந்தார். "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். புருஷனை வச்சே கமிஷன் பாக்கலாம்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டார். அவள் விண்ணப்பத்தை மடித்துக்கொண்டாள். எழுந்து போனாள். மூன்று வருஷமாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

இப்போது அவர் கல் மாதிரி இல்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னல் மாட்டப் போகிற வீடுகளில் தகட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது முதல் மாடியிலேயே நெஞ்சுக்குள் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. இடது கை தோளிலிருந்து கனத்தது. நின்றால் போய்விடும். ஆகவே நிற்கக் கற்றுக்கொண்டார். படியில் நின்று கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் அவரை நிதானமான வேலைக்காரர் என்று பாராட்டினார்கள்.

இதை மனைவியிடம் சொல்லலாம். ஆனால் சொன்னால் அன்றைக்குப் பேசிய பேச்சை முழுங்க வேண்டும். அவருக்குத் தொண்டை சின்னது.

மாஸ்டர் வந்து போன மறுநாள் அவர் ஒரு புது சிம் வாங்கினார். மகள் வேலைக்காக வெளியூர் போனபோது விட்டுப்போன பழைய போன் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் சிம்மைப் போட்டு, சத்தத்தை அணைத்து, மேஜையில் கிடந்த சாக்குத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பெரிய திட்டமெல்லாம் இல்லை. மற்றவனிடம் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று மற்றவனாக இருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"மேடம் வணக்கம். நான் பெயிண்டர். எனக்கு ஒரு இன்சூரன்ஸ் வேணும். விலை ரொம்ப இருக்கக் கூடாது" என்று அனுப்பினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் டிங் என்றது. நாற்காலி நகர்ந்தது. பதில் வந்தது.

"வணக்கம் சார். கண்டிப்பா பாத்துடலாம். உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க. வயசு என்ன? வீட்ல யார் யார் இருக்காங்க?"

வயது என்றதும் விரல் தானாகவே ஐந்து வருஷத்தைக் குறைத்துக்கொண்டது. வீட்டில் யார் என்றதும் அவருக்கு மாஸ்டரின் ஞாபகம் வந்தது. மனைவி இல்லாதவன் என்றால்தானே இவள் அப்படி உருகுகிறாள்?

"தனி ஆள் மேடம். மனைவி தவறிட்டாங்க" என்று அடித்தார்.

"ஐயோ. ரொம்ப வருத்தமா இருக்கு சார். என்னாச்சு அவங்களுக்கு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "காய்ச்சல்" என்று அடித்துவிட்டு, தடுப்பைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் உச்சுக் கொட்டுவது கேட்டது. தன் சாவுக்குத் தானே உச்சுக் கொட்டினாள் பாவம்.

அப்படி ஆரம்பித்தது. ஒருமுறைதான் என்று நினைத்தது நாள்தோறும் என்றாகிவிட்டது. அவள் கேட்டாள், பெயிண்டர் சொன்னார். ஆச்சரியம் என்னவென்றால், பெயிண்டருக்குப் பொய் வரவில்லை. வயதும் தொழிலும் மனைவியும் தவிர மற்றதெல்லாம் நிஜமாகவே வந்தது. ஏணி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றார் பெயிண்டர். இடது கை கனக்கிறது என்றார். சில நாள் தாடை வரைக்கும் வருகிறது என்றார். ஒருநாள், யாரும் கேட்காமலே, "பயமா இருக்கு மேடம்" என்றும் எழுதிவிட்டார். எழுதியதை அழிப்பதற்குள் விரல் தவறி அது போய்விட்டது.

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பிறகு போன் அதிர்ந்தது. மெசேஜ் இல்லை, அழைப்பு. கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது. அழைப்பை வெட்டிவிட்டு, "ஏணி மேல இருக்கேன் மேடம்" என்று அனுப்பினார்.

"ஏணி மேல நின்னுக்கிட்டு மெசேஜ் அனுப்பறீங்களா? முதல்ல கீழ இறங்குங்க! இறங்கிட்டேன்னு சொல்லுங்க!"

"இறங்கிட்டேன்."

"உக்காருங்க. தண்ணி குடிங்க. பயப்படறதுல தப்பே இல்ல. சொன்னீங்க பாருங்க, அதுவே பாதி வைத்தியம்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். தண்ணீரும் குடித்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி தட்டில் கையை வைத்துக்கொண்டு எதையோ யோசித்தபடி இருந்தாள்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ஒரு பெயிண்டர் இருக்காரு. நம்ம கஸ்டமர். பாவம், பொண்டாட்டியும் இல்ல. நெஞ்சு வலிய வச்சுக்கிட்டு ஏணி ஏறிட்டிருக்காரு. பயமா இருக்குன்னு இன்னிக்குச் சொல்றாரு. எந்த ஆம்பள அப்படிச் சொல்றான்?"

கண்ணாடிக்காரருக்குக் காதில் புகை வந்தது. "நடிக்கறான்" என்றார்.

"யாரு?"

"உன் பெயிண்டருதான். பொம்பளைன்னா இப்படித்தான் ஒரு சோகத்தை எடுத்து விடுவானுங்க. பயமா இருக்காம்ல, பயம்!"

"உங்களுக்கு ஊர்ல எல்லாரும் நடிக்கறவங்க."

"அவன் நம்பரை எடு. நான் ஒரு வார்த்தை பேசறேன்."

"எதுக்கு? அவரு மரியாதையான மனுஷன். ஒரு வார்த்தை கோணலாப் பேசினதில்ல. கேட்டதுக்கு நேரா பதில் சொல்றாரு. அப்படி ஒரு ஆளை நான் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அதற்கு மேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கடைக்குள் போய் விளக்கைப் போடாமல் நின்றார். சாக்குத் துணிக்கு அடியில் அந்தப் போன் இருந்தது. அதை எடுத்துத் தரையில் அடிக்கலாமா என்று தோன்றியது. உள்ளே இருப்பவன் எவனோ ஒருவன் போலவும், தன் வீட்டுக்குள்ளேயே வந்து தன் மனைவியின் நெஞ்சில் இடம் பிடித்துவிட்டவன் போலவும் இருந்தது. அவனுக்குத் தன்னைவிட ஐந்து வயது கம்மி வேறு!

ஆனாலும் அடுத்த நாள் கடையைத் திறந்ததும் சாக்கைத் தூக்கி, மெசேஜ் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

வந்திருந்தது. நீளமாக. நாலைந்து கம்பெனிகளைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "விலை கம்மின்னு மட்டும் பாத்து எடுக்கக் கூடாது சார். சிலதுல ஆஸ்பத்திரி ரூம் வாடகைக்கு ஒரு அளவுக்கு மேல குடுக்க மாட்டாங்க, அங்க மாட்டிக்குவோம். நான் பாத்திருக்கறதுல அந்தத் தொந்தரவு இல்ல. ஆஸ்பத்திரிச் செலவுல ஆரம்பத்துல கொஞ்சம் நாமே போட்டுக்கறோம்னு ஒத்துக்கிட்டா வருஷக் கட்டணம் நல்லாக் குறையும். பெரிய செலவு வந்தா கம்பெனி தாங்கிக்கும். உங்க வீட்டுப் பக்கத்துல நல்ல ஆஸ்பத்திரி எதுன்னு சொல்லுங்க, அது அவங்க லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துடறேன்."

கடைசியில் இன்னும் இரண்டு வரி. "நெஞ்சு விஷயத்தை மறைக்காம எழுதணும் சார். மறைச்சா பாலிசி கிடைக்கும், பணம் கிடைக்காது. எழுதினா டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க. லேப்ல நானே சொல்லி வைக்கறேன். தனியாப் போகப் பயமா இருந்தா நானும் வர்றேன்."

நானும் வர்றேன்! கண்ணாடிக்காரர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். இவருக்கு ஒருமுறை கையில் கண்ணாடி கிழித்துத் தையல் போட்டபோதுகூட, "ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வந்துடுங்க" என்றவள். அன்றைக்கு இவரே யாரும் வர வேண்டாம் என்று கத்தினார் என்பது வேறு விஷயம். அந்தப் பெயிண்டரோடு போகிறாளாம், கூடவே போகிறாளாம்!

பெயிண்டரைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். வேலை கிடைத்து வெளியூர் போகிறேன், இன்சூரன்ஸ் வேண்டாம் என்று ஒரு மெசேஜ், அதோடு சிம்மை உடைத்துப் போட்டுவிடலாம். ஆனால் விரல் எழுதியது வேறு. "வாங்க மேடம்" என்று எழுதியது.

டெஸ்ட் நாளன்று அவள் விடிந்ததிலிருந்தே பரபரப்பாக இருந்தாள். விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையில் ஒன்றை எடுத்துக் கட்டினாள். கண்ணாடி முன் நின்று பவுடர் போட்டாள். அந்தக் கண்ணாடிகூட இவர் வெட்டி மாட்டியதுதான்.

"எங்க கெளம்பிட்டே?"

"வேலை."

"வேலைக்கு இந்தப் புடவையா?"

"லேப்ல நாலு பேர் இருப்பாங்க. ஏஜென்ட்னு போய் நிக்கறப்ப ஒரு மரியாதை வேண்டாமா? உங்களுக்கு டிபன் மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க."

"வேண்டாம், பசியில்ல" என்றார். வெறும் வயிற்றில் வரச் சொல்லி முந்தின நாளே அவள் பெயிண்டருக்கு எழுதியிருந்தாள்.

அவள் போன பிறகும் அவர் கடையில்தான் இருந்தார். போவதில்லை என்றுதான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. "நான் வந்துட்டேன் சார். மெதுவா வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்."

போ என்று அவரைத் தள்ளியது ஆஸ்பத்திரிப் பயமில்லை, பொறாமைதான். இன்னொருத்தனுக்காகக் காத்திருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பார்த்தாக வேண்டும். வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாளா? முந்தானையைச் சரி செய்துகொள்வாளா? கதவுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஷட்டரை இழுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

லேப் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் பழுது என்று அட்டை தொங்கியது. கோபத்தில் வேகமாக ஏறினார். கையில் தகடு இல்லை, ஆகவே படியில் நின்று சுவரைத் தட்டிப் பார்க்கச் சாக்கும் இல்லை. முதல் மாடித் திருப்பத்தில் அந்த முழங்கை நெஞ்சுக்குள் இறங்கியது. நின்றார். போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்போதும் போகவில்லை. தாடை மரத்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

மேலே இருபது படிக்குள் அவள் இருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும். "ஏய்" என்று கூப்பிட வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மேடம் படில இருக்கேன். ஏற முடியல."

மேலே கதவு படாரென்று திறந்தது. செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பதற்றமாக, அவள் ஓடி வந்தாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

அவரைக் கண்டதும் நின்றாள்.

"நீங்களா? நீங்க எங்க இங்க? தள்ளுங்க, இங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலி. ஒரு பெயிண்டர், இந்தப் பக்கம் பாத்தீங்களா? கீழ போயிட்டாரா?"

அவர் போனைத் தூக்கிக் காட்டினார்.

அவள் போனைப் பார்த்தாள். தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக என்னென்னவோ வந்து போயின. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, மேலே திரும்பி ஆளைக் கூப்பிட்டுக் கத்தினாள். லேப்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு ஓடி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். டியூட்டி டாக்டர், ஒரு இளம்பெண், ஈசிஜி காகிதம் வெளியே வர வர அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு நாளா இருக்கு சார் இது?"

கண்ணாடிக்காரர் பழக்க தோஷத்தில், "இன்னிக்குத்தான் டாக்டர், லேசா" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றாள் மனைவி. கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நாலு மாசமா இருக்கு. மாடி ஏறினா நெஞ்சை அழுத்துது, நின்னா விட்டுடுது. இடது கை தோள்லேர்ந்து கனக்கும். தாடை வரைக்கும் வரும். போன வாரம் ஒரு தடவை சும்மா உக்காந்திருக்கறப்பவே வந்துச்சு. சிகரெட் விட்டுட்டேன்னு வீட்ல சொல்லியிருக்காரு, விடல. நாளைக்கு ரெண்டு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்பத் தெளிவாச் சொல்றீங்க. நீங்க இவருக்கு என்ன ஆகணும்?"

"பொண்டாட்டி. ஆனா இவரு கணக்குல நான் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஒரு மாத்திரையைக் கடித்து முழுங்கச் சொன்னாள், நாக்குக்கு அடியில் இன்னொன்றை வைத்தாள், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று டாக்டர் கேட்டபோது மனைவியிடம் பதில் தயாராக இருந்தது. பெயிண்டருக்காக அதையும் விசாரித்து வைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸில் அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "வயசைக்கூட கொறச்சுச் சொல்லியிருக்கீங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "நான் போட்ட கணக்கு பூரா தப்பு." கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த ஆளுக்காக நான் சாமிகிட்ட வேண்டியிருக்கேன்" என்றாள். அவள் குரல் உடைந்தது அப்போதுதான்.

இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களில் ஒன்று பெரும்பாலும் அடைத்திருந்தது. ஒயர் விட்டு அதைத் திறந்து, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். ஆபத்துக் கட்டம் தாண்டியது. பாலிசி இல்லாமல்தான் அது நடந்தது. மகளுக்கென்று சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி போயிற்று. யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் எதிரே வந்து உட்கார்ந்தபோது ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்.

வார்டுக்கு மாற்றிய பிறகு, இரண்டாம் நாள் சாயங்காலம், அவள் கட்டிலோரம் உட்கார்ந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். டிரைவிங் மாஸ்டர் விசாரித்துப் போன் செய்திருந்தார்.

"இனிமே எனக்குப் பாலிசி கிடைக்குமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"இப்போதைக்கு ஒருத்தனும் தர மாட்டான். உடம்பு தேறட்டும். அப்புறம் ஒண்ணு ரெண்டு பேர் தருவாங்க, விலை ஜாஸ்தியா இருக்கும். இதயத்துக்குச் சில வருஷம் காத்திருக்கணும், மத்த வியாதிக்கெல்லாம் சீக்கிரம் கிடைக்கும். தேடிப் பாக்கறேன்." ஏஜென்டின் குரலில்தான் சொன்னாள். கண்ணியமான, தள்ளி நின்ற குரல்.

"கோபம் போகலையா?"

அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "என்னைச் சாகடிச்சது கூடப் பரவாயில்ல. என்கிட்ட சொல்ல முடியாததை எவளோ ஒரு மேடத்துகிட்ட சொல்லியிருக்கீங்க. அவளுக்கு இருந்த அதிர்ஷ்டம் எனக்கில்ல. நெனச்சா எனக்கு அவ மேல பத்திக்கிட்டு வருது."

"நீதானே அது?"

"நானா? என்னைப் பாத்து என்னிக்காவது பயமா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள்.

"எனக்கு இன்னொரு கஷ்டம்" என்றாள் அவள். "அந்தப் பெயிண்டர். காலையில எழுந்ததும் கை தானா போனை எடுக்குது, அவரு எப்படி இருக்காருன்னு கேக்க. அப்புறம்தான் ஞாபகம் வருது, அப்படி ஒரு ஆளே இல்லன்னு. நல்ல மனுஷன்."

"நான்தானே அவன்."

அவள் தலையை அசைத்தாள். "இல்லங்க. நீங்க இன்னும் அவ்வளவு தூரம் வரல."

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ கண்ணாடிக்காரருக்குச் சுரீர் என்றது. அது வியாதி இல்லை, அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் படுபாவிப் பெயிண்டர்! செத்த பிறகும் போக மாட்டேன் என்கிறான். அவனிடம் அப்படி என்ன இருந்தது? வீடு உண்டா, கடை உண்டா? ஏணியும் பயமும் மட்டும்தானே?

அவர் கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி ஓரத்தில் சிலிக்கானைக் கோணலாகப் பூசியிருந்தான் எவனோ. வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"காலையில பாத்ரூம் வரைக்கும் நடக்கச் சொன்னாங்களே" என்றார்.

"ஆமா. நடந்தீங்களே, நல்லாத்தானே நடந்தீங்க?"

"கதவுகிட்ட போனதும் கால் நகரல. மறுபடியும் வந்துடுமோன்னு." அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயமா இருந்துச்சு."

அவள் எழப் போனவள் அப்படியே உட்கார்ந்தாள். நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வலிச்சுதா, பயம் மட்டுந்தானா?" என்று கேட்டாள். "மெதுவாச் சொல்லுங்க."